மணப்பொருத்தத்தில் குருதியும் ஒரு பொருத்தம்
(சுங்குவார்சத்திரம் விழாச் சொற்பொழிவின் சுருக்கம்)



பிறக்கும் நூறு குழந்தைகளில் இரண்டு அல்லது மூன்று பேர் குறிப்பிடத்தக்க பிறவிக் குறையுடன் பிறக்கின்றனர். அக்குறைகள் யாவும் பரம்பரையாக வருவன அல்ல. ஏறத்தாழ எண்ணூறு பிறப்புகளில் ஒன்றாகக் காணப்படும் டவுன் குறைபாடு, 21ஆம் குரோமோசோம் இரண்டாக அமையாமல் மூன்றாக அமைவதால் விளைவது. தாயின் வயது ஏற ஏற அதற்கான வாய்ப்பு மிகும். எனினும் பெரும்பாலும் அது தற்செயலாக நேர்வதே. அதற்காக ஒரு பெண்ணைப் பழித்தல் அறியாமை. சொல்லால் செய்யும் வன்முறையும் ஆகும்.

தலசீமியா வேறு வகையினது. இந்தியர்களில் நூற்றுக்கு மூவர் அல்லது நால்வர் அதன் மரபணுவை ஒற்றையாகச் சுமக்கின்றனர். அவர்கள் நோயாளிகள் அல்லர். பலர் தம் நிலையை அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். ஆனால் அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு உண்டு. முதற்குழந்தை நலமாகப் பிறந்துவிட்டது என்பதால் அடுத்த கருவுக்கு அவ்வாய்ப்பு குறைவதில்லை. கடும் நோயுற்ற குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை நீக்கவும் வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டும்.

அத்தை மகன், மாமன் மகள் ஆகியோரின் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொதுவானது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நான்கில் ஒரு பங்கு. மறைந்திருக்கும் குறை இருபுறமும் சந்திக்க இதுவே வழி. உறவில் மணக்காவிடினும், சிறிய சமூகத்துக்குள்ளேயே பல தலைமுறை கொண்டு கொடுத்தால் அதே நிலை நேரலாம். ஆரிய வைசியரிடையே ஒரு நொதிக் குறைபாடு மிகுதி. அறுவைச் சிகிச்சையின்போது தசை தளரத் தரும் சக்ஸினைல்கோலின் சில நிமிடங்களில் நீங்க வேண்டியது. அவர்களுள் சிலருக்கு மணிக்கணக்கில் நீடித்து மூச்சைத் தடுக்கும். இதை முன்னரே அறிந்த மயக்க மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்து உயிர் காக்கிறார். அறிவின் பயன் இதுவன்றோ!

நம் தொழிற்பேட்டைகளுக்கு ஒடிசா, அசாம், வங்க மாநிலங்களிலிருந்து இளைஞர் பலர் வந்துள்ளனர். ஒடிசாவில் அரிவாள் அணு மரபும், அசாம், வங்கப் பகுதிகளில் ஹீமோகுளோபின் ஈ மரபும் மிகுதி. இவை பிறருக்கு மட்டும் உரியன என எண்ண வேண்டாம். இந்தியாவில் அரிவாள் அணு முதலில் அறியப்பட்டது 1952இல், நம் நீலகிரியிலேதான்.

ஆதலின், சாதகம் பார்ப்பதற்கு முன் ஹீமோகுளோபின் வகையறியும் குருதிச் சோதனை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். ஒற்றை மரபணு உடையவரை ஒதுக்குவதற்காக அன்று. அத்தகைய இருவர் அறியாமல் இணையாதிருப்பதற்காக. முடிவு உரியவரிடமும் மருத்துவரிடமும் மட்டும் இருக்கட்டும். மறைத்து நடத்தும் மணத்தின் சுமையைப் பேச இயலாத ஒரு குழந்தை ஏற்கிறது. அச்சுமையைத் தவிர்ப்பதும் உயிரோம்பும் அறமே.