கடலுக்கும் உழவு உண்டு



"ஏர் பிடிக்கிற எங்களுக்குக் கடல் சமாச்சாரம் எதற்கு?" என்று பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கத்து அன்பர்கள் கேட்கலாம். மீன் குளம் வைத்திருப்பவர்களுக்குக் கடல் ஒரு நல்ல பாடம் சொல்லித் தருகிறது. கேளுங்கள்.

வயலில் பயிர் வளர்வது போல, கடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி வளர்கிறது. மீனுக்கு ஆதி உணவு அதுதான். பாசிக்கு வெயிலும் வேண்டும், உரமும் வேண்டும். வெயில் மேல்தண்ணீரில் இருக்கிறது. உரச்சத்தோ அடியில் போய்த் தங்கிவிடுகிறது. கோடையில் மேல்தண்ணீர் சூடேறி, இலேசாகி, பால் மேல் ஆடை படிந்தாற்போல் நின்றுவிடும். அடிச்சத்து மேலே வர வழியில்லை.

அப்படியானால் கடலை யார் உழுவது? பருவக்காற்றுதான்! ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளக் கரையிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் காற்று மேல்தண்ணீரைக் கரையை விட்டுத் தள்ளுகிறது. குளிர்ந்த அடித்தண்ணீர் சத்தோடு மேலே வருகிறது. பாசி பெருகி, அதைத் தின்று மத்தி மீன் கொழிக்கிறது. நம் வங்கக் கடலிலோ கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி கொண்டுவரும் ஆற்றுத் தண்ணீர் மூடிபோலப் பரவுவதால், உழவு அவ்வளவு ஆழம் போவதில்லை.

பருவம் பிசகினால்? கேரளத்தில் 2012-இல் சுமார் 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2016-இல் ஏறத்தாழ 46 ஆயிரம் டன்தான். 'எல் நினோ' ஆண்டின் கடற்சூடும், குஞ்சு மீன்களை வாரியதும் காரணம் என்றார்கள் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார்.

இனி நம் குளத்துக்கு வருவோம். கடலில் அடித்தண்ணீர் மேலே வந்தால் லாபம். குளத்தில் திடீரென்று வந்தால் நட்டம். பல நாள் வெயிலுக்குப் பின் ஐப்பசி மழை கொட்டினால், மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும். பிராணவாயு இல்லாத அடித்தண்ணீர் மேலே வந்து கலந்துவிடும். மேகமூட்டத்தில் பாசியும் போதிய பிராணவாயு விடாது. விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைப் பிளக்கும். கவனிக்காவிட்டால் ஒரே இராத்திரியில் வருஷத்து உழைப்பு போய்விடும்.

ஆகையால், மப்பும் மந்தாரமுமான நாளில் குளத்தில் சாணம் போடாதீர்கள். தீனியைக் குறையுங்கள். விடியுமுன் ஒருதரம் கரைக்குப் போய்ப் பாருங்கள். மீன் திணறினால், குளத்துத் தண்ணீரையே பம்பு செட்டால் இறைத்து, மழைபோல அதிலேயே விழச் செய்யுங்கள்.

நிலத்தைப் போலவே தண்ணீருக்கும் பருவம் உண்டு, மறந்துவிடாதீர்கள்.