'கேப்' விழுந்த இரண்டு வருஷம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'வெளிநாட்டில் பணியாற்றியவர்' என்று செயலாளர் என்னை அறிமுகப்படுத்தினார். உங்களில் பலர் டாலரை நினைத்திருப்பீர்கள். நான் இருந்தது ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டுக் கிராமங்களில். குடிநீர்த் திட்டமொன்றில் இரண்டு வருஷம் தொண்டர் வேலை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் படி கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

திரும்பி வந்து சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். என் விண்ணப்பத்தைப் புரட்டிய அதிகாரி, "இங்கே இரண்டு வருஷம் கேப் விழுந்திருக்கே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அக்கறையோடு கேட்டார். சரி, மேலே படிக்கலாம் என்று பார்த்தால், என் கேட் மதிப்பெண் காலாவதியாகியிருந்தது. அதற்கு ஆயுள் மூன்று வருஷம்தான். சேவைக்குப் போனவனுக்குச் சலுகை உண்டா என்று விசாரித்தேன். விளையாட்டு வீரருக்கு உண்டு, முன்னாள் ராணுவத்தினருக்கு உண்டு, எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

அமெரிக்காவில் இதற்கு வழி செய்து வைத்திருக்கிறார்கள். 'பீஸ் கோர்' தொண்டர்களை நம் ஊர்ப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். 1961 முதல் 1976 வரை இந்தியாவிலும் இருந்தார்கள், கோழிப்பண்ணை வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படிப் போய்த் திரும்பியவர்களுக்காக 1985இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஓர் ஏற்பாடு தொடங்கியது. அங்கே மேற்படிப்பு, கூடவே நியூயார்க் அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் வேலை. பிறகு பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்தன. இன்று 'கவர்டெல் ஃபெலோஸ்' என்ற பெயரில் நடக்கிறது. சுற்றுச்சூழல், வளர்ச்சி போன்ற பாடங்களும் உண்டு. படிக்கும்போதே வசதியற்ற ஊர் ஒன்றில் வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. எனக்குப் பிடித்ததே அந்த நிபந்தனைதான்.

நம் நாட்டிலும் கொஞ்சம் நடந்திருக்கிறது. 2012இல் பிரதமரின் ஊரக வளர்ச்சி ஃபெலோக்கள் நக்சல் பாதிப்புள்ள மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த வேலையோடு சேர்த்து மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகத்தில் அவர்களுக்கு எம்.ஏ. பட்டம் பெற வழி இருந்தது. தமிழக அரசின் முதலமைச்சர் பசுமை புத்தாய்வுத் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒருவராக இளைஞர்களை எடுத்து, அண்ணா பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டயத்தோடு இணைத்தார்கள். நல்ல காரியங்கள். ஆனால் இவை வேலையில் சேர்த்துப் படிக்க வைப்பவை. ஏற்கெனவே போய் உழைத்துவிட்டு வந்தவனை வகுப்புக்குள் கூப்பிடும் கதவு இன்னும் இங்கே சரியாகத் திறக்கவில்லை.

ஏன் கூப்பிட வேண்டும்? அதற்குப் பழவேற்காட்டுக் கதையைச் சொல்கிறேன்.

வேலை கிடைக்கும் வரை என்று நண்பர் ஒருவரோடு அங்கே போனேன். ஒன்றரை வருஷம் தங்கிவிட்டேன். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திராவில், தென்முனை நம் திருவள்ளூர் மாவட்டத்தில். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில்தான் இறால் நன்றாக விழும். அங்கே யார் என்றைக்கு வலை கட்டுவது என்று முறை போட்டுக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போகாது, சண்டையும் குறையும்.

நான் எஞ்சினியர் இல்லையா, சும்மா இருப்பேனா? பாட்டு இடங்களை ஜி.பி.எஸ். வைத்து அளந்து, வண்ண வரைபடம் போட்டு ஊர்க்கூட்டத்தில் விரித்தேன். ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னா தம்பி, ஏரிக்குள்ள மண்ணு வருஷா வருஷம் நகருதே, உன் கோடும் கூட நகருமா?" என்றார். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய?

பாடு முறையை ஒரேயடியாகப் புகழவும் மாட்டேன். அதில் பங்கு, உரிமை உள்ள குடும்பத்து ஆண்களுக்கே. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அதில் இடமில்லை. அவர்களைக் கேட்காமல் ஏரியைப் பற்றி அறிக்கை எழுதினால் பாதி ஏரிதான் அதில் இருக்கும். என் முதல் அறிக்கை அப்படித்தான் இருந்தது.

பெரியவரின் கேலியைவிட அவர் பின்னால் கேட்ட கேள்விதான் என்னை உறுத்தியது. முகத்துவாரம் மணல் மூடிப் போனால் கடல் நீர் ஏரிக்குள் வராது, இறால் குஞ்சும் வராது. ஊர்க்காரர்களே சேர்ந்து மணலை வெட்டித் திறந்த காலமும் உண்டு. அது நிரந்தரமாகத் திறந்திருக்க, சுமார் 27 கோடி ரூபாயில் கல் கொட்டி நேர்கல் தடுப்புச் சுவர் கட்ட அரசு திட்டமிட்டது. "கல்லு கொட்னா மண்ணு எந்தப் பக்கம் சேரும், எந்தப் பக்கம் அரிக்கும், எத்தினி வருஷத்துக்குத் தாங்கும்?" என்று கேட்டார்.

முதல் இரண்டுக்கும் ஓரளவு பதில் சொன்னேன். நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. சென்னைத் துறைமுகம் கட்டியதும் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. மூன்றாவது கேள்விக்கு வாயடைத்துப் போனேன். சிவில் பட்டம் வைத்திருக்கிறேன், மணல் எப்படி நகரும் என்று முறையாகக் கணக்குப் போட்டதே இல்லை. அன்றைக்குத்தான் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டும் என்று நிஜமான ஆசை வந்தது. இருபத்திரண்டு வயதில் எம்.இ. சேர்ந்திருந்தால் பேராசிரியர் கொடுத்த தலைப்பை எடுத்திருப்பேன். இப்போது கேள்வி என் கையில் இருந்தது, சேரத்தான் வழியில்லை.

இந்த ஏரியை ஆராய்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. சென்னை கிறித்தவக் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் சஞ்சீவராஜ் பல்லாண்டுகள் உழைத்து அதன் உயிரினங்களைப் பட்டியலிட்டார். பாடு முறையைப் பற்றி சாரா கூல்தார்ட் என்ற ஆய்வாளர் 2008இல் ஆங்கில இதழில் எழுதினார். எங்கிருந்தோ வந்தவருக்கு ஏரி தெரிகிறது, பக்கத்தில் இருக்கும் நமக்கு மீன் வாங்கப் போகும்போதுதான் தெரிகிறது.

ஆகவே சங்கத்திடம் ஒரு கோரிக்கை. தொண்டராகக் குறைந்தது இரண்டு வருஷம் உழைத்துத் திரும்பிய ஒருவருக்கு, வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ, வருஷா வருஷம் நம் கல்லூரி எம்.இ. படிப்பில் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் நாம் ஏற்போம். சேர்க்கை விதியைக் கல்லூரிதான் பார்க்க வேண்டும், முதல்வர் அவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார். ஆய்வுக் கேள்வி பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து வர வேண்டும். முடிவை அந்த ஊர்க்கூட்டத்தில், இருளர் பெண்களும் இருக்கும்போது, தமிழில் படித்துக் காட்ட வேண்டும். கேலி செய்தால் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நூறு பேர் மாதம் 300 ரூபாய் கொடுத்தால் மாதம் 30,000 ஆகிறது. எங்கள் பேட்ச்சில் பதினேழு பேர் நேற்றே ஒப்புக்கொண்டார்கள், இருவர் மனைவியைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். படிவம் பதிவு மேசையில் இருக்கிறது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.