சரக்கு இரயில் ஏன் காத்து நிற்கிறது?

காப்பார் சாலையில் கொள்கலன் லோரிகள் செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடப்பதற்குள் பெற்றோரின் நெஞ்சு படபடக்கிறது. இச்சரக்கை இரயிலில் அனுப்பினால் என்ன? ஒரு சரக்கு வண்டி முப்பது பெரிய கொள்கலன்களை ஏற்றிச் சென்றால், சாலையில் முப்பது லோரிகள் குறையும். ஆனால் நேரத்திற்கு வந்து சேராத வண்டியை எந்த வணிகரும் நம்பமாட்டார். அந்தத் தாமதம் எங்கே ஏற்படுகிறது என்பதை இன்று அறிந்துகொள்வோம்.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவுக்கு 1886-இல் இரயில் ஓடத் தொடங்கியது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹம் திறக்கப்பட்டது. 1972-இல் அது கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. ஈயமும் ரப்பரும் ஏற்றுமதியான அத்துறைமுகம், 2024-இல் இருபது அடிக் கணக்கில் ஏறத்தாழ 1 கோடியே 46 இலட்சம் கொள்கலன்களைக் கையாண்டது. பாதிக்கு மேற்பட்டவை கப்பலிலிருந்து கப்பலுக்கு மாறுபவை. எஞ்சியவை தரைவழியே செல்ல வேண்டும்.

வடக்கே பாடாங் பெசார், ஈப்போ பக்கமிருந்து வரும் சரக்கு வண்டி கோலாலம்பூரைக் கடந்தே துறைமுகத்தை அடைகிறது. அதே தண்டவாளத்தில் 1995 முதல் கொமியூட்டர் இரயிலும் ஓடுகிறது. வேலைக்குச் செல்வோர் நெரிசல் மிகும் நேரத்தில் சரக்கு வண்டி ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். பிரிக்பீல்ட்சில் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்த பழைய இரயில் முற்றம் இருந்த இடத்தில், 2001-இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது.

வழியில் நிற்பதைவிட முனையத்தில் நிற்பதே பெரிய தொல்லை. செம்பனை ஆலையை நினைத்துப் பாருங்கள். காய்ப்பு மிகுந்த காலத்தில் குலை ஏற்றிய லோரிகள் ஆலை வாசலில் வரிசை பிடிக்கின்றன. தோட்டத்துச் சாலை எவ்வளவு நன்றாக இருந்தும் பயன் என்ன? இறக்கும் இடம் ஒன்றுதானே! குலைகள் காத்துக் கிடந்தால் எண்ணெயின் தரம் கெடும். சரக்கு முனையமும் அப்படித்தான். முதல் வண்டியின் கொள்கலன்களைப் பாரந்தூக்கி இறக்கி முடிக்காவிட்டால், இரண்டாம் வண்டிக்கு இடமில்லை. மூன்றாவது வண்டி வெளியே நிற்கும். முற்றம் நிரம்பிவிட்டால் ஒரு பெட்டியை எடுக்க வேறு நான்கு பெட்டிகளை நகர்த்த நேரிடும். அப்போது வேலை இன்னும் மெதுவாகும்.

இப்போது கிழக்குக்கரை இரயில் பாதை கிள்ளான் துறைமுகத்தை நோக்கி வருகிறது. காப்பாரிலும் ஒரு நிலையம் அமைகிறது. கோம்பாக்கிலிருந்து துறைமுகம் வரையிலான பகுதியை 2028-இல் திறக்கத் திட்டமிட்டுள்ளனர். பழைய பாதையின் அகலம் 1 மீட்டர். புதியதன் அகலம் 1.435 மீட்டர். ஒன்றின் பெட்டி மற்றொன்றில் ஓடாது. ஒரு பாதையிலிருந்து மற்றதற்குச் செல்லும் கொள்கலனைத் தூக்கி மாற்றியே ஆகவேண்டும். ஆகவே, தண்டவாளம் போட்டால் மட்டும் நெரிசல் தீராது. விரிந்த முற்றமும், போதிய பாரந்தூக்கிகளும், அவற்றை இயக்கத் தெரிந்த கைகளும் தேவை.

அந்தக் கைகள் யாருடையவை? மலாயாவின் தண்டவாளங்களில் நம் முன்னோர் வியர்வை சிந்தி உழைத்தனர். நம் பிள்ளைகள் பாரந்தூக்கி இயக்குநராகவும், சமிக்ஞைத் தொழில்நுட்பராகவும் அங்கே செல்லலாமே! அதற்குக் கணிதமும் அறிவியலும் வேண்டும். தொழிற்பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்த நினைக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்றிரவே அமர்ந்து பேசுங்கள். இரயில் நம் ஊருக்கு வரும்போது நாம் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர்களாக இருக்கக் கூடாது.