வேக ரயில் யாருக்காக ஓட வேண்டும்?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் கேட் கூட்டத்தில் நான் பேசிய பேச்சிலிருந்தே ஆரம்பிக்கிறேன். "புல்லட் ரயில் பணக்காரனின் விளையாட்டுச் சாமான், நமக்கு அது வேண்டாம்" என்று அன்று சொன்னேன். நீங்களும் கை தட்டினீர்கள். கூட்டம் கலைந்த பிறகு ரிங் பிரேம் பகுதித் தோழர் ஒருவர் என்னை டீக்கடைக்கு அழைத்துப் போனார். "ஏன் தோழர், வேகமாகப் போவது பணக்காரனுக்கு மட்டும்தான் வேண்டுமா? அம்மா இறந்த சேதி வந்து, ராத்திரி பூராவும் கக்கூஸ் வாசலில் நின்றுகொண்டே ஊருக்குப் போனேன். போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். எனக்கு வேகம் வேண்டாமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்று நான் பேசியது தவறு. அதைத் திருத்திக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இந்த வேக ரயில் பிறந்தது ஜப்பானில். 1964 அக்டோபர் 1-ந் தேதி டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே முதல் வண்டி புறப்பட்டது. சுமார் 515 கிலோ மீட்டர் தூரம். அதற்கு முன் இருந்த விரைவு வண்டிக்கு ஆறரை மணி நேரம் பிடித்தது. புது வண்டி முதலில் 4 மணி நேரத்தில் போயிற்று. மறு வருஷமே 3 மணி 10 நிமிஷம் ஆயிற்று. இன்று இரண்டரை மணிக்கும் குறைவு.

அதைக் கட்டுகிற காலத்தில் அங்கே பல பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். ரயிலின் காலம் முடிந்துவிட்டது, இனி மோட்டாரும் ஆகாய விமானமும்தான் என்பது அவர்கள் வாதம். சீனப் பெருஞ்சுவர், எகிப்துப் பிரமிட், ஜப்பானின் யமாட்டோ யுத்தக் கப்பல் ஆகிய வீண் செலவுகளின் வரிசையில் இதுவும் ஒன்று என்று கேலி பேசினார்கள். இந்தத் திட்டத்தை விடாப்பிடியாக நடத்திய ரயில்வேத் தலைவர் சோகோ ஷின்ஜி, தலைமை எஞ்சினியர் ஷிமா ஹிடியோ இருவரும், செலவு மதிப்பீட்டைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு ஆகிவிட்டதால் 1963-ல் பதவி விலக நேர்ந்தது. திறப்பு விழாவுக்கு அவர்களை அழைக்கக்கூட இல்லை.

ஷிமா செய்த காரியம் மில் தொழிலாளிக்குச் சட்டென்று புரியும். பழைய மில்களில் ஒரே எஞ்சின் ஒரு நீண்ட ஷாப்டைச் சுழற்றும். அதிலிருந்து பெல்ட் போட்டு எல்லா மெஷினும் ஓடும். பிறகு மெஷினுக்கு மெஷின் தனி மோட்டார் வந்தது. ரயிலிலும் அவர் அதையே செய்தார். முன்னால் ஒரு கனமான எஞ்சின் இழுப்பதற்குப் பதிலாகப் பெட்டிக்குப் பெட்டி மோட்டார் வைத்தார். பாரம் ஒரே இடத்தில் விழவில்லை. தண்டவாளம் தேய்வது குறைந்தது. சீக்கிரம் வேகமெடுக்கவும் சீக்கிரம் நிற்கவும் முடிந்தது. பாதையில் ஒரு லெவல் கிராசிங்கூடக் கிடையாது. அந்த வேகத்தில் வெளியே நிற்கும் சிக்னலைக் கண்ணால் பார்க்க முடியாதென்பதால், டிரைவரின் முன்னாலேயே சிக்னல் தெரியும். மீறினால் வண்டி தானே பிரேக் போட்டுக்கொள்ளும். அன்று முதல் இன்று வரை அந்த ரயில்களில் மோதலிலோ தடம் புரண்டோ ஒரு பிரயாணிகூட உயிரிழக்கவில்லை.

காருக்கும் விமானத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சேற்றில் போகும் வண்டியை இழுக்கிற மாட்டையும், கெட்டித் தரையில் இழுக்கிற மாட்டையும் வயலில் வேலை செய்கிற தோழர்கள் பார்த்திருக்கிறீர்கள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ரப்பர் டயர் ரோட்டில் உருள அதைவிடப் பல மடங்கு சக்தி வேண்டும். விமானமோ தன் கனத்தையும் எண்ணெயின் கனத்தையும் சேர்த்து மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும். இன்று டோக்கியோ–ஒசாகா பாதையில் ஓடும் 16 பெட்டி வண்டியில் 1,323 பேர் உட்காரலாம். அத்தனை பேரையும் 180 பேர் விமானத்தில் அனுப்பினால் ஏழு விமானம் போதாது. நாலு பேர் வீதம் காரில் ஏற்றினால் 331 கார் வேண்டும். மின்சாரத்தை எதிலிருந்து எடுக்கிறோம் என்பது தனிக் கேள்விதான். ஆனால் எண்ணெயை எரித்தே ஓட வேண்டிய கட்டாயம் ரயிலுக்கு இல்லை.

டோக்கியோவிலிருந்து வடக்கே செண்டாய்க்கு வேக ரயில் வந்த பிறகு விமானப் போக்குவரத்தே நின்றுபோயிற்று. பிரான்ஸ் தேசம் 2023-ல் ஒரு சட்டமே அமல் செய்தது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிகிற ஊருக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்பது அந்தச் சட்டம். பாரிஸின் ஒரு நிலையத்திலிருந்து போகும் மூன்றே மூன்று தடங்கள்தான் அதில் அகப்பட்டன. அங்கும் கம்பெனிகளின் கை நீளம்தான்.

கம்பெனிகளின் கை என்றதும் அமெரிக்கா ஞாபகத்துக்கு வருகிறது. அங்கே பஸ் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ், டயர் செய்யும் பயர்ஸ்டோன், எண்ணெய்க் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து நகரப் போக்குவரத்துக் கம்பெனிகளில் பணம் போட்டன. பல ஊர்களில் டிராம் போய் பஸ் வந்தது. பஸ்ஸும் டயரும் எண்ணெயும் தங்களிடமே வாங்க வேண்டுமென்று கூட்டுச் சதி செய்ததாக 1949-ல் கோர்ட்டில் குற்றம் நிரூபணமாயிற்று. கம்பெனி ஒன்றுக்கு அபராதம் 5,000 டாலர். ஒரு பஸ்ஸின் விலைகூட இல்லை!

சரி, ஜப்பானியத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? இதை மறைத்துப் பேசினால் நான் எஞ்சினியர்களின் பிரச்சாரகன் ஆகிவிடுவேன். வேக ரயிலைக் கட்டியதும் ஓட்டியதும் சர்க்கார் ரயில்வே. அந்த ரயில்வே மலையிலும் கிராமத்திலும் நஷ்டத்துக்கு வண்டி விட வேண்டியிருந்தது. அரசியல்வாதிகள் ஓட்டுக்காகப் புதுப் பாதைகளையும் கேட்டார்கள். செலவுக்குச் சர்க்கார் போதிய பணம் தரவில்லை, கடன் வாங்கச் சொன்னது. கடைசியில் கடன் 37 லட்சம் கோடி யென். அதைக் காட்டி 1987 ஏப்ரலில் ரயில்வேயைத் துண்டு துண்டாக்கித் தனியாருக்குக் கொடுக்க வழி செய்தார் பிரதமர் நகசோனே. ரயில்வேத் தொழிற்சங்கமான 'கொக்குரோ'வை உடைத்தால் தேசத்தின் தொழிற்சங்க இயக்கமே சாயும் என்று தெரிந்தேதான் செய்ததாகப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். புதுக் கம்பெனிகளில் வேலை கிடைக்காத 1,047 பேர் 1990-ல் முற்றாக வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் போராட்டம் சமரசத்தில் முடிந்தது 2010-ல். இருபது வருஷம்! அதற்குள் சிலர் செத்தே போனார்கள்.

இன்னொரு சங்கதி. 1997-ல் நகானோவுக்கு வேக ரயில் போனது. அன்றோடு அதே வழியில் மலையேறிய பழைய ரயில் பாதையில் யோகோகாவாவிலிருந்து கருயிசாவா வரைக்கும் உள்ள துண்டை மூடிவிட்டார்கள். அடுத்த துண்டை உள்ளூர் நிர்வாகத்தின் தலையில் கட்டினார்கள். தூரத்து ஊருக்குப் போகிறவனுக்கு வேகம். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பஸ். வடக்கே யூபாரி என்ற நிலக்கரிச் சுரங்க ஊருக்குப் போன ரயில் 2019-ல் நின்றது. ஓடுகிற வேக ரயிலிலும் கூத்து உண்டு. முன்பதிவு இல்லாமல் ஏறுகிறவர்களுக்கு அங்கேயும் பெட்டிகள் இருந்தன. மிக வேகமான 'நொஜோமி' வண்டியில் அவற்றைக் குறைத்து வருகிறார்கள். 2023 கடைசியிலிருந்து பண்டிகைக் கூட்ட நாட்களில் அதில் முன்பதிவில்லாத இடமே கிடையாது. இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதல்லவா?

அந்த ஜப்பானியத் தொழில்நுட்பம்தான் நம் தேசத்துக்கும் வந்தது. பம்பாய்க்கும் ஆமதாபாத்துக்கும் இடையே 508 கிலோ மீட்டர். 1 லட்சத்து 8 ஆயிரம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். 100-க்கு 81 பங்கு ஜப்பான் கடன். பால்கர் மாவட்டத்து ஆதிவாசிகளும் விவசாயிகளும் நிலம் தர மறுத்துக் கொடி பிடித்தார்கள். 2017 செப்டம்பர் 14-ந் தேதி அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். அதே மாதம் 29-ந் தேதி, பம்பாயின் பழைய மில் பகுதியான பரேலை ஒட்டிய எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனில் குறுகலான நடைமேம்பாலத்தில் காலை வேளைக் கூட்டம் நெரிந்தது. 23 பேர் செத்தார்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜனங்கள். கல் நாட்டி பதினைந்தே நாள்.

அந்தக் கோபத்தில்தான் நான் "வேண்டாம்" என்று பேசினேன். ஆனால் தோழர்களே, தனி மோட்டார் வைத்த மெஷின் வந்தபோது மெஷினை உடைக்கச் சொன்னோமா? ஆள் குறைக்காதே, கூலியைக் குறைக்காதே என்று கேட்டோம். ரயில் விஷயத்திலும் அப்படித்தான் கேட்க வேண்டும். வேகப் பாதை போடு. அது சர்க்கார் சொத்தாக இருக்கட்டும். அதைக் காட்டிப் பாசஞ்சர் வண்டியை நிறுத்தாதே. நிலம் எடுத்தால், அந்த நிலத்தில் கூலி வேலை செய்த பட்டா இல்லாதவனுக்கும் நஷ்ட ஈடு கொடு. வண்டிக்கு வண்டி முன்பதிவில்லாத பெட்டி வை.

பின் வரிசையில் ஓர் அக்கா, "டிக்கெட் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. ஜப்பானில் சாதாரணக் கட்டணத்துக்கு மேல் வேகத்துக்கென்று தனிக் கட்டணமும் சேர்த்து வாங்குகிறார்கள். நாற்று நடுகிற கூலிக்கு அது எட்டாது. கட்டணத்தை நிர்ணயிப்பது மெஷின் அல்ல, சர்க்கார். மில் வாசலில் பஞ்சப்படிக்குச் சண்டை போட்டது போல இதற்கும் சண்டை போட வேண்டியிருக்கும். ஆனால் அந்த ரயில் வரும் வரை நாம் கக்கூஸ் வாசலில் நிற்கத் தேவையில்லை. இரவு வண்டியில் கூடுதலாக நாலு பொதுப் பெட்டி கேட்டு மனு தயாராக இருக்கிறது. ரிங் பிரேம் தோழர்தான் எழுதினார். மேஜைமேல் வைத்திருக்கிறோம். மூன்றாம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் இருக்கிறது.