போர்முனை கண்ட ஆர்மோனியம்

 

வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். காலை முதல் அறுவர் அதைப் பற்றிப் பேசிவிட்டனர். ஆகவே, நம் இரவுப் பாடசாலையின் மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கும் ஆர்மோனியப் பெட்டியைப் பற்றிச் சிறிது பேச விழைகிறோம். மின்னணுக் கீபோர்டு வந்துவிட்டமையால் அதனைப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று சென்ற செயற்குழுவில் ஒரு கருத்து எழுந்தது. முடிவு செய்யுமுன் அதன் வரலாற்றைக் கேட்டருள வேண்டுகிறோம்.

எம் பாட்டனார் மதராஸ் சேப்பர்ஸ் படையில் பணியாற்றியவர். 1780இல் தோன்றிய அப்படையில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வந்துள்ளனர். பாலம் கட்டுவதும், பாதை போடுவதும், கண்ணிவெடி அகற்றுவதும் அவர்தம் தொழில். 1945இல் பாட்டனார் பர்மாவில், ஐராவதி ஆற்றங்கரையில் இருந்தார். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் படைப் பாதிரியார் ஒருவர் வருவார். அவருடன் ஒரு பெட்டியும் வரும். மூடியிருந்தால் பயணப் பெட்டி. திறந்தால் கால்கள் விரியும், கீழே இரண்டு மிதிகள், மேலே வரிசையாகக் கட்டைகள். ஆற்று மணலில் அது நிலைகொள்ளாது ஆடும். ஆகவே பாட்டு முடியும்வரை அதனை இருகையாலும் அழுத்திப் பிடித்து நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் எம் பாட்டனார். "காதால் கேட்டதைவிட உள்ளங்கையால் கேட்டதே அதிகம்" என்று அவர் கூறுவதுண்டு.

அத்துணைச் சிறிய பெட்டியில் அவ்வளவு ஓசை எங்ஙனம் அடங்கிற்று? மாதா கோயில்களில் உள்ள குழாய் ஆர்கனில் தாழ்ந்த சுரம் ஒன்றுக்கு 8 அடி நீளக் குழாய் வேண்டும். இப்பெட்டியிலோ விரல் நீளப் பித்தளை நாக்கு ஒன்று போதும். துருத்தியின் காற்று பட்டதும் நாக்கு அதிரும். அதன் நீளமும் கனமுமே சுரத்தை முடிவு செய்யும். கம்பி வாத்தியத்தைப் போலக் குலுங்கிய வண்டியிலும் ஈரக் காற்றிலும் சுருதி எளிதில் கலைவதில்லை. கோயிலும் இல்லை, கூரையும் இல்லை என்ற இடத்துக்குப் பாதிரிமார் இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் இதுவே.

அமெரிக்க நாட்டில் வெர்மான்ட் மாநிலத்துப் பிராட்டில்பரோ நகரின் எஸ்டே கம்பெனியார், இரண்டாம் உலகப் போரில் இத்தகைய மடக்கு ஆர்கன்களைத் தம் படைப் பாதிரிமாருக்குச் செய்தளித்தனர். அதே போரில் ஸ்டைன்வே கம்பெனியார் இராணுவப் பச்சை பூசிய பியானோக்களைச் செய்தனர். அவை ஒவ்வொன்றும் 200 கிலோவுக்கு மேற்பட்டவை. அவற்றைத் தூக்க நால்வர் வேண்டும். பாதிரியாரின் பெட்டிக்கோ ஒருவர் தோள் போதும்.

நம் நாட்டில் இப்பெட்டி வேறொரு வடிவம் கொண்டது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பார், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கால்களையும் மிதிகளையும் நீக்கித் துருத்தியைப் பெட்டியின் பின்புறம் அமைத்தார். ஒரு கை துருத்தியை இயக்க, மறு கை வாசிக்கும். வாசிப்பவர் தரையில் அமரலாம். பாடகர் "ஐந்து கட்டை" என்று சுருதி கூறுவதும் இப்பெட்டியின் கட்டைகளை எண்ணிய வழக்கேயாகும். இன்றும் நம் இராணுவத்தில் பண்டிதர், கிரந்தி, மௌல்வி, பாதிரியார் எனச் சமய ஆசிரியர்கள் உள்ளனர். படைப்பிரிவுக் கோயில்களில் டோலக்குடன் ஒலிப்பது இவ்வார்மோனியமே. கமகம் வாராது என்று கூறி 1940இல் அகில இந்திய வானொலி இதனை விலக்கி வைத்தது. 1971இல்தான் அத்தடையைத் தளர்த்தியது. குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆயினும் 31 ஆண்டுத் தண்டனை சற்று மிகையே!

போர் முடிந்து 1946இல் பாட்டனார் திரும்பினார். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அந்நாளில் ஒரு பஜனைக் குழுவினர் தம் ஆர்மோனியத்தை வண்டியினின்று மண்டபம்வரை சுமக்க அவரை அழைத்தனர். துணி சுற்றிய பெட்டியைத் தலையில் வைத்தபோது எவரும் தடுக்கவில்லை. இறக்கி வைத்தபின் துணியை விலக்கி ஒரு கட்டையைத் தொட்டார். அவ்வளவே, பெட்டியைக் கழுவ வேண்டும் என்றார்கள். அவர் அழவில்லை. கழுவினால் துருத்தி கெட்டுவிடும் என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னாராம்!

பின்னர் ஈராண்டு கூலியில் மிச்சம் பிடித்து, 1985இல் தீக்கிரையாகி மறைந்த மூர் மார்க்கெட்டில், பழைய ஆர்மோனியம் ஒன்றை வாங்கினார். இராயபுரத்துத் திண்ணையில் அதனை வைத்துத் தெருப் பிள்ளைகளுக்கு வாய்பாட்டை இராகமிட்டுச் சொல்லிக் கொடுத்தார். பதினாறாம் வாய்பாடு நமக்கு இன்றும் மோகனத்தில்தான் வருகிறது. கழகம் தொடங்கிய ஆண்டில் எம் குடும்பத்தார் வழங்கிய பெட்டி அதுவே.

அதன் நிலையையும் கூறிவிடுகிறோம். கடற்காற்றின் உப்பால் கட்டைகளுக்கு அடியிலுள்ள ஸ்பிரிங்குகள் துருப்பிடித்துள்ளன. மழைக்காலத்தில் மரம் உப்பி மூன்று கட்டைகள் எழுவதில்லை. இரண்டு நாக்குகள் ஊமை. இடுக்கில் தூசு அடைந்திருக்கலாம், மெல்லிய காகிதத்தைச் செருகி எடுத்தால் பேசும். சுருதி இறங்கியிருந்தால் நாக்கின் நுனியைச் சிறிதே சுரண்ட வேண்டும், ஏறியிருந்தால் அடியை. சுரண்டியதை மீண்டும் ஒட்ட இயலாது, ஆகவே பொறுமை வேண்டும்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பாடசாலையில் பெட்டியைத் திறக்க இருக்கிறோம். நம் கண் பார்வை மங்கிவிட்டது. கூர்ந்த கண்ணுடைய இளைஞர் இருவர் வேண்டும். எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வருவோர் ஒன்பதரைக்கே வந்துவிடுக. திருப்புளி நம்மிடம் உள்ளது.