பழைய போனுக்குள் இருப்பது

(நூற்றாண்டு விழாவையொட்டி உடப்பில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவிலே பற்றரியைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் பயணப்பையை நினைத்துப் பாருங்கள். சொக்லேற், சவர்க்காரம், அதோடு தங்கச்சிக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று என்று இரண்டு பழைய போன். அன்போடு தருகிறோம், அதில் பிழையில்லை. ஆனால் ஏற்கெனவே சில வருடம் உழைத்த போன் அது. இங்கே வந்து கொஞ்சக் காலத்தில் அதன் பற்றரி ஊதிவிடும். பிரித்தானியாவில் வருடத்துக்கு 32 கிலோவுக்கு மேல் சிறிய பற்றரி விற்கும் கடை, பழையதைத் திருப்பி எடுக்கவேண்டும் என்பது சட்டம். இங்கே அது அலுமாரி லாச்சியில் கிடக்கும், இல்லாவிட்டால் குப்பையோடு சேர்த்து எரிக்கப்படும். ஆக, நாம் அனுப்புவது போனை மட்டுமல்ல, அதன் கழிவையும்தான்.

கார் பற்றரியைப் பழைய இரும்புக்காரர் வீடு தேடி வந்து வாங்குவார். அதில் ஈயம் இருக்கிறது, உருக்குவது சுலபம். போன் பற்றரியை அவர் தொடமாட்டார். அதில் பெறுமதி இல்லாமலில்லை. பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு.

அதன் உள்ளே ஒரு செப்புத் தாள், ஒரு அலுமினியத் தாள், நடுவில் மெல்லிய பிளாஸ்ரிக் சவ்வு, மூன்றும் சேர்ந்து சுருட்டப்பட்டிருக்கும். செப்பின்மேல் காரீயம் பூசியிருக்கிறது. போகலையிலும் ககட்டகஹவிலும் தோண்டி எடுக்கிறோமே, அந்த இனம்தான். அலுமினியத்தின்மேல் இலிதியமும் கோபாற்றும், சிலவற்றில் நிக்கலும் மாங்கனீசும் சேர்ந்த ஒட்சைட்டு. இடையில் எளிதில் தீப்பற்றும் திரவம். அதில் புளோரின் கலந்த உப்பு கரைந்திருக்கும். எரித்தால் ஐதரசன் புளோரைட்டு என்ற நச்சுவாயு வரும். குப்பைமேட்டுப் புகையில் நிற்கும் பிள்ளைகளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மீள்சுழற்சி ஆலையில் முதலில் மிச்சமிருக்கும் மின்னை இறக்குவார்கள். பிறகு தீப்பற்றாதபடி ஒட்சிசன் இல்லாத வாயுவிலோ நீருக்கடியிலோ வைத்து நொறுக்குவார்கள். கரைவலையை இழுத்துப்போட்டபின் பாரை வேறு, சூடை வேறு என்று பிரிக்கிறோமல்லவா, அதே வேலைதான். இரும்பைக் காந்தம் இழுக்கும். செப்பும் அலுமினியமும் பிளாஸ்ரிக்கும் சல்லடையில் தங்கும். கீழே ஒரு கருந்தூள் விழும். சரக்கு அந்தத் தூளில்தான் இருக்கிறது.

அதிலிருந்து உலோகத்தை எடுக்க இரண்டு வழி. ஒன்று, உலையில் உருக்குவது. பெல்ஜியத்தில் யுமிகோர் நிறுவனம் பல காலமாகச் செய்வது இது. கோபாற்று, நிக்கல், செப்பு கிடைக்கும். இலிதியம் கசடோடு போய்விடும், அதைத் தனியாக மீட்கவேண்டும். மற்றது, கந்தக அமிலத்தில் கரைத்து, ஒவ்வொரு உலோகமாகப் பிரித்து, கடைசியில் சோடியம் காபனேற்றுச் சேர்த்து இலிதியம் காபனேற்றாக விழச்செய்வது. ஒரு வேடிக்கை: சீனி சூட்டில் கூடுதலாகக் கரையும், இலிதியம் காபனேற்று சூட்டில் குறைவாகக் கரையும். ஆகவே கரைசலைச் சூடாக்கித்தான் அதை எடுக்கிறார்கள். இந்தியாவில் ரூர்க்கியில் அட்டெரோ நிறுவனம் கருந்தூளிலிருந்து இப்படி உலோகங்களை மீட்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு? சிலியின் அட்டகாமாவில் உவர்நீரைப் பாத்திகளில் ஒரு வருடத்துக்கு மேல் காயவிட்டு இலிதியம் எடுக்கிறார்கள். புத்தளம் உப்பளம் கண்டவர்களுக்கு விளங்கும், ஆனால் அது நீர் அரிதான பாலைவனம். உலகின் கோபாற்றில் பெரும்பகுதி கொங்கோவிலிருந்து வருகிறது. அங்கே சிறு பிள்ளைகளும் சுரங்கத்தில் வேலை செய்கிறார்கள். பழைய பற்றரியிலிருந்து மீட்கும் ஒவ்வொரு கிலோவும் அங்கே தோண்டவேண்டிய தேவையைக் குறைக்கும். 2023இல் வந்த ஐரோப்பியச் சட்டம், கழிவுப் பற்றரியில் உள்ள இலிதியத்தில் 2027 முடிவுக்குள் 50 வீதமும் 2031 முடிவுக்குள் 80 வீதமும் மீட்கவேண்டும் என்கிறது.

ஆனால் எல்லாப் பற்றரியும் ஒன்றல்ல. சோலர் வீடுகளுக்கு இப்போது வரும் இரும்புப் பொசுபேற்று வகையில் கோபாற்றும் இல்லை, நிக்கலும் இல்லை. பாதுகாப்பானது, நீண்ட காலம் உழைக்கும். பிரித்தெடுப்பவருக்கோ இலாபம் குறைவு. நாளைக்கு அதை யார் திருப்பி எடுப்பார் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் கேளுங்கள்.

நம் நாட்டில் இத்தகைய ஆபத்தான கழிவைச் சேகரிக்க மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். வெளிநாட்டு ஆலைக்கு அனுப்புவதென்றால் பாசல் சமவாயத்தின்படி அந்நாட்டின் முன்சம்மதமும் வேண்டும். ஆகவே நாலு பற்றரியை வைத்துக்கொண்டு உடப்பிலிருந்து ஒன்றும் செய்யமுடியாது. ஒரு பீப்பாய் நிறையச் சேர்ந்தால் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் பேசலாம்.

அதனால் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. பாடசாலையில் நிழலான, காற்றோட்டமுள்ள ஓரிடத்தில், வகுப்பறைகளுக்குத் தள்ளி, மூடியுள்ள இரும்புப் பீப்பாய் ஒன்றை உலர்ந்த மணலோடு வைப்போம். கொண்டுவரும்போது இரு முனைகளிலும் ரேப் ஒட்டுங்கள். ஊதியதைக் குத்தாதீர்கள்; மணல் போட்ட தகரப் பேணியில் தனியாகக் கொண்டுவாருங்கள். வீட்டில் உப்புத் தண்ணீரில் போட்டு மின்னை இறக்கப் பார்க்கவேண்டாம், துருப்பிடித்து வாயு கிளம்பும். வெளிநாட்டிலுள்ள சகோதரிகளே, தரும் போனின் பற்றரியை அங்கேயே புதிதாக மாற்றிவிட்டுத் தாருங்கள், பழையதை அங்குள்ள கடையில் போட்டுவிடுங்கள். பீப்பாய்க்கும் கொழும்பு லொறிக் கூலிக்கும் ஆகும் செலவைப் பொருளாளர் இந்தக் கூட்டம் முடிவதற்குள் சொல்வார்.