உற்றார் யார்?

(ஒரு பகுத்தறிவாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டது ஒரு கணக்கைப் பற்றிய விஷயமாகும். ஒரு மனிதனுக்குக் கஷ்டம் வந்தால் அவனுக்குக் கைகொடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு தூரம் கைகொடுப்பார்கள் என்பதைக் கேள்வி கேட்டு எண்ணால் அளந்து சொல்லலாம் என்று மேல்நாட்டு மனோதத்துவக்காரர்கள் முறை வகுத்திருக்கிறார்கள். இதற்குச் சமூக ஆதரவு என்று பெயர். அளப்பது நல்ல காரியந்தான். ஜாதகத்தைப் பார்த்துப் பந்து பலம் சொல்லுவதைவிட, ஆளைக் கேட்டு எண்ணிச் சொல்லுவது எவ்வளவோ மேல். ஆனால் அளக்கிறவன் கையிலிருக்கும் மரக்கால் சரியானதுதானா என்று பார்க்க வேண்டாமா? ஆண்களையே காதலிக்கும் ஆண்கள், ஆண் பெண் இருபாலாரையும் காதலிக்கும் ஆண்கள் ஆகியவர்கள் விஷயத்தில் இந்த மரக்கால் எப்படி அளந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்த சங்கதி.

இவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகத்தைச் சுளிக்கிறவர்கள் இந்தச் சபையிலும் இருக்கலாம். முகத்தைச் சுளிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. காதை மட்டும் மூடிக் கொள்ளாமலிருந்தால் போதும்.

1988ஆம் வருஷத்தில் ஜிமெட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு அளவுகோல் வெளியிட்டார்கள். அதில் 12 வாக்கியங்கள். குடும்பத்தைப் பற்றி 4, சிநேகிதர்களைப் பற்றி 4, தனக்கென்று உள்ள ஒரு நெருங்கிய ஆளைப் பற்றி 4. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மார்க்குப் போட வேண்டும். முதலில் இதைச் சோதித்துப் பார்த்தது டியூக் சர்வகலாசாலையில் படித்துக் கொண்டிருந்த 275 மாணவ மாணவிகளிடம். அதன் பிறகு இது உலகமெல்லாம் பரவி அநேக பாஷைகளிலும் வந்துவிட்டது. சுருக்கமானது, சுலபமானது, அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் குடும்பம் என்றால் யார் யார் என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள்.

எல்லோருக்கும் தெரியுமா? ஒருவனை வைத்துப் பார்ப்போம். அவன் ஆண்களை விரும்புகிறவன் என்று தெரிந்ததும் தகப்பன் வீட்டை விட்டுத் துரத்திவிட்டான். பட்டணத்துக்கு வந்து 20 வருஷமாய் நான்கு சிநேகிதர்களோடு சுக துக்கம் பகிர்ந்து வாழ்கிறான். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பவர்கள் அவர்கள். வேலை போனால் வாடகை கட்டுபவர்கள் அவர்கள். இவனிடம் அந்தக் கேள்வித்தாளைக் கொடுத்தால் குடும்பத்துக்கு நாலு ஒன்றுகள் போட்டு 4 மார்க்கு, சிநேகிதருக்கு நாலு ஏழுகள் போட்டு 28, ஆக 32. இதே நிலைமையிலுள்ள இன்னொருவன், "எனக்குக் குடும்பமே இவர்கள்தானே!" என்று எண்ணி இரண்டிலும் 28 போட்டால் 56 வந்துவிடுகிறது. ஆட்கள் அதே நால்வர், கஞ்சியும் அதே கஞ்சி. ஒருவன் அநாதை; மற்றவன் பாக்கியசாலி! இப்படியும் ஒரு அளவு உண்டா என்று கேட்கின்றேன்.

இருபாலாரையும் விரும்புகிறவன் கதை இதைவிடச் சிக்கலானது. அவனுக்குப் பெண்சாதி பிள்ளைகள் இருக்கலாம், தாய் தகப்பன் தாங்குபவர்களாயிருக்கலாம். கேள்வித்தாளில் குடும்பத்துக்கு நிறைய மார்க்குப் போடுவான். அது பொய்யுமல்ல. ஆனால் தன் மனதிலுள்ள ஒரு பாதியை மறைத்து வைத்திருக்கும் வரையில்தான் அந்த ஆதரவு என்று அவனுக்கே தெரியும். கஷ்டத்தைக் குடும்பத்தாரிடம் சொல்ல முடிகிறதா என்று கேட்டால், கடன் கஷ்டத்தை நினைத்துக் கொண்டு முடியும் என்பான். எந்தக் கஷ்டம் என்று அந்தத் தாள் கேட்பதில்லை.

இது ஏதோ படித்தவர்களின் பொழுதுபோக்குச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் 5 வாலிபர்களுக்குக் கண்ட நோய் எய்ட்ஸ் என்று பின்னால் பெயர் பெற்றது. 2000க்குள் அந்த ஒரு தேசத்தில் மட்டும் 4 இலட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் ஆண்களோடு உறவு கொண்ட ஆண்களே பெரிய கூட்டம். அந்த நாளில் பெற்ற தாயே தொடப் பயந்த உடம்பைத் துடைத்தவன் யார்? காதலன், பழைய காதலன், பக்கத்து அறைக்காரன். 1982இல் நியூயார்க்கில் ஏற்பட்ட சங்கமொன்று முன்பின் தெரியாத தொண்டர்களைத் துணையாட்களாக நோயாளிகளின் வீட்டுக்கு அனுப்பிற்று. சமைப்பதும் கடைக்குப் போவதும் வீடு கூட்டுவதும் அவர்கள் வேலை. ஆனால் பிராணன் போகும் சமயத்தில், "நீ இவனுக்கு என்ன முறை?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டால் அவர்களுக்குச் சொல்லப் பதில் கிடையாது. பல வருஷம் எட்டிப் பாராத அண்ணன் வந்து பிணத்துக்கு உரிமை கொண்டாடுவான். நோயாளி தானே சொல்லும் ஆளைப் பார்க்க விட வேண்டும் என்று ஜனாதிபதி ஒபாமா உத்திரவு போட்டது 2010ஆம் வருஷத்திலாகும்.

அந்த நோய்க் காலத்திலேயே, 1985, 86இல், கேத் வெஸ்டன் என்ற அம்மையார் சான்பிரான்சிஸ்கோ பக்கத்தில் இப்படிப்பட்ட ஆண்களும் பெண்களுமாக 80 பேரைக் கண்டு பேசி, 1991இல் புஸ்தகமாக வெளியிட்டார். நாங்களே தேர்ந்தெடுத்த குடும்பம் என்று அவர்கள் சொன்னதை அந்தம்மாள் வேடிக்கைப் பேச்சாகத் தள்ளிவிடவில்லை. பிரிந்து போன காதலர்கள்கூட அந்தக் குடும்பத்தில் உறவினராக நீடிப்பதை எடுத்துக் காட்டினார். பழைய காதலனை அந்தப் 12 வாக்கியத்தில் எந்தக் கட்டத்தில் அடைப்பது?

வேடிக்கை என்னவென்றால், சரியாக அளக்கும் வழியை ஒரு கோர்ட்டு காட்டிவிட்டது. நியூயார்க்கில் வாடகை வீட்டில் பத்து வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்த இரண்டு ஆண்களில், வாடகைச் சீட்டுக்காரர் 1986இல் இறந்துபோனார். மற்றவரை வெளியேறும்படி வீட்டுக்காரர் சொன்னார். இறந்தவரின் குடும்பத்தாரை வெளியேற்றக் கூடாது என்பது விதி. பிராஷி வழக்கு என்ற இதில் 1989இல் அந்த மாகாணத்தின் மேல் கோர்ட்டு இரத்தத்தையும் கல்யாணப் பத்திரத்தையும் மட்டும் பார்க்கவில்லை. எத்தனை காலம் சேர்ந்திருந்தார்கள், பணங்காசில் எவ்வளவு ஒன்றாயிருந்தார்கள், ஊராருக்கு முன் எப்படி நடந்து கொண்டார்கள், அன்றாடக் காரியங்களுக்கு ஒருவரையொருவர் எவ்வளவு நம்பியிருந்தார்கள் என்று பார்க்க வேண்டுமென்றது. இது தீர்ப்பா, கேள்வித்தாளா?

ஆராய்ச்சிக்காரர்களிலும் இந்த வழி தெரிந்தவர்கள் இல்லாமலில்லை. சான்பிரான்சிஸ்கோவில் நர்சு உத்தியோகம் போதித்து வந்த நார்பெக் அம்மையார் 1981இலேயே வேறு மாதிரி கேள்வித்தாள் செய்தார். முதலில் உனக்கு முக்கியமானவர்களின் பெயர்களை எழுது. பிறகு ஒவ்வொருவரும் உனக்கு எவ்வளவு துணை என்று மார்க்குப் போடு என்பது அவர் முறை. கடைசியில், சென்ற வருஷத்தில் இப்படிப்பட்டவர்களில் யாரையாவது இழந்தாயா என்றும் கேட்டார். அந்த ஊரில் அடுத்து வந்த வருஷங்களில் இந்தக் கடைசிக் கேள்வி என்ன கேள்வியாயிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காகத் தேர்ந்தெடுத்த குடும்பத்தை மோட்சலோகமாக்கவும் நான் சம்மதிக்க மாட்டேன். இரத்தத்துக்குப் பூசை செய்வதை விட்டுச் சிநேகத்துக்குப் பூசை செய்வதில் என்ன லாபம்? நான்கு சிநேகிதர்களும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்களானால் நால்வருக்கும் ஒரே காலத்தில் முதுமை வரும். ஒருவன் கண் மங்கும்போது மற்றவன் முழங்கால் மடங்காது. நோய்க் காலத்தில் பணிவிடை செய்தவனே அடுத்த மாதம் படுக்கையில் விழுந்ததும் உண்டு. பெற்றவர் பாசத்தைப் போலவே சிநேகமும் கசந்து போகக் கூடியதுதான். ஆகையால் பெற்றதைப் போலக் கொடுத்ததையும் கேட்க வேண்டும். கிடைக்கும் என்று நம்புவது எவ்வளவு, நிஜமாய்க் கிடைத்தது எவ்வளவு என்று தனித்தனியாய்க் கேட்க வேண்டும்.

நம் நாட்டுச் சங்கதி ஒன்று. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்யும் கல்யாணத்தை ஒப்புக் கொள்ள உச்சநீதிமன்றம் 2023இல் மறுத்துவிட்டது. ஆனால் 2025 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம், தன் வீட்டாராலேயே தடுத்து வைக்கப்பட்டிருந்த, பெண்ணை விரும்பும் பெண் ஒருத்தியை விடுவித்த வழக்கில், கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் உண்டாக வழி என்பதில்லை என்றும், தேர்ந்தெடுத்த குடும்பம் என்பது ஒப்புக் கொள்ளப்பட்ட கருத்து என்றும் எழுதிற்று. அது பெண்கள் வழக்கு. ஆனாலும் ஆண்களுக்கு அந்த நியாயம் பொருந்தாதென்று யாரும் சொல்ல முடியாது.

இனி இங்கேயும் இந்தக் கேள்வித்தாள்களைத் தமிழில் கொண்டுபோய்க் கேட்பார்கள். நம் பாஷையில் ஒரு ஆண்பிள்ளையைப் பார்த்து, "குடும்பம் எங்கே இருக்கிறது?" என்றால் பெண்சாதி பிள்ளைகள் எங்கே என்றுதான் அர்த்தம். ஆகவே தமிழில் எழுதுகிறவர்கள் அந்த வார்த்தையை முதலில் போட வேண்டாம். இராத்திரி 2 மணிக்கு ஆஸ்பத்திரிக்கு யாரைக் கூப்பிடுவாய், சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாகக் கைமாற்று கொடுத்தவர் யார், யாரிடம் எதையும் மறைக்காமல் பேசுவாய் என்று கேட்டுப் பெயர்களை எழுதிக் கொள்ளட்டும். என்ன உறவு என்ற கட்டம் தாளின் அடியில் இருக்கட்டும்.

கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம்.